யூ இல்லாத க்யூ

அக்கா: இல்ல இல்ல, யூ இல்லாம க்யூ வர்ற சொல்லா கேளுங்க டீச்சர். மத்ததெல்லாம் சின்னப் பசங்களே சொல்லிடும்.

டீச்சர்: எடுத்த எடுப்புலயே கஷ்டமானதா வேணுமா அக்கா?

அக்கா: லேசானதைக் கேட்டா பயப்பட நேரம் கிடைச்சிடும். கேளுங்க.

டீச்சர்: சரி. க்யூ, ஐ.

அக்கா: உயிர்மூச்சு. உடம்புக்குள்ள ஓடற சக்தி.

டீச்சர்: க்யூ, ஏ, டி.

அக்கா: வாயில அடக்கிக்கிட்டு மெல்லற இலை. லேசா போதை ஏறும்.

டீச்சர்: க்யூ, ஓ, பி, எச்.

அக்கா: அது ஏதோ ஒரு பழைய பாஷையில ஒரு எழுத்தோட பேரு. எழுத்துக்கே எழுத்துக்கூட்டிப் பேரு வெச்சிருக்காங்க பாருங்க, வேலையத்தவங்க.

டீச்சர்: எப்படி உச்சரிக்கணும் இதையெல்லாம்?

அக்கா: அது எனக்குத் தெரியாது. எங்க வீட்ல இந்த வார்த்தைங்களை யாரும் வாயால சொன்னதே இல்ல. கட்டையை அடுக்குவோம், இன்னதுன்னு அர்த்தம் காட்டுவோம், அவ்வளவுதான்.

டீச்சர்: எழுத்துக் கட்டை விளையாட்டு.

அக்கா: கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்தா அதான். கையில க்யூ வந்து மாட்டி, யூ வரலன்னு வைங்க, ஆட்டம் முடியற வரைக்கும் அது நம்ம முகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கும். அதுக்குத்தான் இந்தச் சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் தேடித் தேடி மனப்பாடம் பண்ணது... அது என்ன சத்தம்?

டீச்சர்: எது?

அக்கா: பின்னாடி. உறிஞ்சற மாதிரி.

டீச்சர்: தண்ணி விட்டு உறிஞ்சறாங்க. பல் டாக்டர் வாயில ஒரு குழாய் மாட்டுவாரே, அந்த மாதிரிதான்.

அக்கா: பல் டாக்டர் வாயைத் திறப்பார். இவர் மண்டையை இல்ல திறந்து வெச்சிருக்கார்.

டாக்டர்: எனக்குக் காது கேக்குதும்மா.

அக்கா: ஐயோ, மன்னிச்சுக்கோங்க டாக்டர். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. நான் பேசப்போய் உங்க கை நடுங்கிடப் போகுது.

டாக்டர்: நடுங்காது. நீங்க பேசினாத்தான் எனக்கு வேலையே ஓடும். வலிக்குதா?

அக்கா: வலி இல்ல. அதுதான் பயமா இருக்கு. திறந்து கிடக்கு, வலிக்கவே இல்லன்னா...

டாக்டர்: மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும் எலும்புக்கும் மரத்துப்போக ஊசி போட்டாச்சு. தலையை மட்டும் அசைக்கக் கூடாது.

அக்கா: எங்க அசைக்கறது? கவ்வி போட்டு முறுக்கி வெச்சிருக்கீங்க. கையையும் சேத்துக் கட்டிடுவீங்களோன்னு வர்ற வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன்.

டீச்சர்: கட்டத்தான் பாத்தாங்க. இடது கையை விட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன்.

அக்கா: புண்ணியமாப் போச்சு. கை ஆடலன்னா எனக்குப் பேசற மாதிரியே இருக்காது.

டீச்சர்: பேச்சுப் பயிற்சியிலயே பாத்தேனே. வாய் ஒண்ணு சொல்லும், கூடவே கையும் சொல்லும்.

அக்கா: வீட்டுப் பழக்கம். விட்டா தூக்கத்துலகூட ஆட்டுவேன்... டீச்சர், இந்த நீலத் துணியைக் கொஞ்சம் தூக்குங்க. உங்க முகம் பாதிதான் தெரியுது.

டீச்சர்: இப்ப?

அக்கா: இப்ப தெரியுது. நீங்க பயப்படலையே?

டீச்சர்: நான் எதுக்குப் பயப்படணும்?

அக்கா: மூக்கு வேர்த்திருக்கு.

டீச்சர்: முகக்கவசம் அக்கா. புழுக்கம்.

அக்கா: இவ்வளவு குளிருது, உங்களுக்குப் புழுங்குதா? சரி, நம்பறேன்.

டீச்சர்: நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா? ஒரு தடவை சொல்லுங்க, கேப்போம்.

அக்கா: டாக்டர் ஒவ்வொரு இடமா லேசா கரண்ட் வெச்சுத் தொடுவார். எப்ப தொடறார்னு சொல்ல மாட்டீங்க. நான் பாட்டுக்குப் பதில் சொல்லிட்டே இருக்கணும். பதில் நின்னுபோச்சுன்னா அந்த இடத்துல பேச்சு இருக்குன்னு அர்த்தம். அங்க ஒரு துளிப் பேப்பர் வெப்பீங்க. பேப்பர் வெச்ச இடத்துல டாக்டர் கத்தி வெக்க மாட்டார்.

டீச்சர்: சரியா சொன்னீங்க.

அக்கா: பதில் நிக்கலன்னா?

டீச்சர்: அந்த இடத்தை எடுக்கலாம்.

அக்கா: கட்டியோட சேத்து. முழுசா.

டீச்சர்: முடிஞ்ச வரைக்கும்.

அக்கா: முழுசான்னுதான் சொல்லுங்களேன். வாய்க்கு என்ன கேடு.

டீச்சர்: படமும் கொண்டு வந்திருக்கேன் அக்கா. மத்தவங்களுக்கெல்லாம் படத்தைக் காட்டித்தான் இது என்னன்னு கேப்போம். வேணும்னா...

அக்கா: வேண்டாம். நாற்காலியைக் காட்டி இது என்னன்னு கேட்டா எனக்குக் கோவம்தான் வரும். சின்ன வார்த்தைதான்னு பேசி வெச்சோமே. டாக்டரும் சரின்னாரே.

டாக்டர்: சொன்னேன். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். டீச்சர், நான் ரெடி.

டீச்சர்: ஜே எழுத்துலேர்ந்து கேக்கறேன் அக்கா.

அக்கா: நீங்க கேக்கவே வேண்டாம். நானே வரிசையா சொல்லிட்டுப் போறேனே. உங்களுக்கும் தொண்டை வலிக்காது.

டீச்சர்: ...சரி. நீங்களே சொல்லுங்க.

அக்கா: ஜே, ஓ. காதலர், அன்பானவர். ஜே, ஐ, பி. கப்பலோட முன்பக்கத்துப் பாய். ஜே, ஏ, பி. குத்து, வெடுக்குன்னு குத்தறது.

டீச்சர்: சரி.

அக்கா: ஜே, யூ, டி. வெளியில நீட்டிக்கிட்டு இருக்கறது. ஜே, ஏ, ஒய். நீலச் சிறகு வெச்ச ஒரு பறவை.

டீச்சர்: சரி. சிறகை அடிச்சே காட்டறீங்களே.

அக்கா: காட்டறேனா? எனக்கே தெரியல. ஜே, ஓ, டி. துளியூண்டு. ஜே, ஈ, டி. பீச்சியடிக்கறது.

டீச்சர்: நல்லது.

அக்கா: என்ன நல்லது?

டீச்சர்: நல்லா சொல்றீங்கன்னு சொன்னேன்.

அக்கா: பேப்பர் வெச்சீங்களா?

டீச்சர்: நீங்கதான் நிக்கவே இல்லையே.

அக்கா: ஆமா, நிக்கல. நான் நிக்கல.

டீச்சர்: கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க. இவ்வளவையும் எப்பதான் மனப்பாடம் பண்ணீங்க?

அக்கா: கடையில லென்ஸ் தேய்க்கறப்போ. மிஷின் ஒரே சீரா ஓடும், அந்தத் தாளத்துக்கு நானும் ஓட்டுவேன். கண்ணாடிக் கடையில நாள் பூரா எழுத்துதானே டீச்சர். மேல பெருசு, கீழ வரவரப் பொடிசு. அதைப் படிங்க, இதைப் படிங்க... எங்ககிட்டயே ஏமாத்துவாங்க தெரியுமா?

டீச்சர்: கண்ணாடிக் கடையில என்ன ஏமாத்தறது?

அக்கா: லாரி ஓட்டறவங்க வருவாங்க. கண் சரியா இருக்குன்னு நாங்க சொன்னாத்தான் லைசன்ஸ் புதுப்பிக்க முடியும். பார்வை மங்கியிருக்கும் பாவம், முந்தின ஆள்கிட்டக் கேட்டு சார்ட்டை மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க. உக்காந்ததும் கடகடன்னு ஒப்பிப்பாங்க, ஒரு எழுத்து தப்பாது.

டீச்சர்: அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

அக்கா: வாயில வர்றதை நான் கேக்கவே மாட்டேன். கண்ணைப் பாப்பேன். படிக்கறவன் கண்ணு வரிக்கு வரி நகரும், கொஞ்சம் சுருங்கும். ஒப்பிக்கறவன் கண்ணு சும்மா நிக்கும். ஒருத்தன் அழுதுட்டான். வண்டி ஓட்டலன்னா என் வீட்ல அடுப்பு எரியாதும்மான்னு. எனக்கும் கண் கலங்கிடுச்சு.

டீச்சர்: கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களா?

அக்கா: போடல. ரோட்ல போறவங்களை நினைச்சேன். ஆனா அவனைத் திட்டவும் இல்ல டீச்சர். பொழைக்கணும்னா மனுஷன் என்னதான் பண்ணமாட்டான்.

டீச்சர்: ம்.

அக்கா: ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

டீச்சர்: ஒண்ணுமில்ல. அடுத்தது சொல்லுங்க.

அக்கா: இஸட். இஸட், ஏ, எக்ஸ். கூரைக் கற்பலகை வெட்டற கத்தி. ஏ, டி, இஸட். மரம் செதுக்கற வாச்சி. எஃப், ஈ, இஸட். குஞ்சம் வெச்ச குல்லாய்.

டீச்சர்: நல்லது.

அக்கா: சி, ஓ, இஸட். ஒண்ணுவிட்ட உறவு. இஸட், ஐ, டி. பரு. இஸட், ஓ, ஏ. சின்னச் சின்ன உயிருங்க...

டீச்சர்: நல்லது.

அக்கா: இஸட், ஐ, பி...

டீச்சர்: என்ன அக்கா?

அக்கா: ஒண்ணுமில்ல. வாய் உலர்ந்துபோச்சு.

டீச்சர்: பஞ்சுல தண்ணி தொட்டு வெக்கறேன். திறங்க... போதுமா?

அக்கா: போதும். உங்க கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?

டீச்சர்: இங்க எல்லாமே ஜில்லுனுதான் இருக்கு. என்ன பண்ணுது, சொல்லுங்க. தலை சுத்துதா?

அக்கா: இல்ல.

டீச்சர்: வார்த்தை ஏதாவது வரமாட்டேங்குதா?

அக்கா: எல்லாம் வருதே. நீங்கதான் கேக்கறீங்களே.

டீச்சர்: பயமா இருக்கா?

அக்கா: இருக்கு டீச்சர். ரொம்ப பயமா இருக்கு. வெளியில சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட, ஒண்ணுமே இல்ல, பல்லு பிடுங்கற மாதிரின்னு காட்டிட்டு வந்திருக்கேன்.

டீச்சர்: அவர் வெளியில நாற்காலியிலதான் உக்காந்திருக்கார்.

அக்கா: யாராவது கூப்பிட்டா அவருக்குக் கேக்காது. பக்கத்துல போய்த் தோளைத் தொடணும்.

டீச்சர்: சொல்லி வெச்சிருக்கேன். நர்ஸ் போய்த் தொட்டுக் கூப்பிடுவாங்க.

அக்கா: பின்னாடியிருந்து தொட்டாத் தூக்கிவாரிப் போடும் அவருக்கு. முன்னாடி வந்து தொடச் சொல்லுங்க. பிறந்ததுலேர்ந்தே காது கேக்காது, ஆனா நிழல் தெரிஞ்சாக்கூட உஷாராயிடுவார். கல்யாணம் ஆன புதுசுல எனக்குக் கைப்பேச்சு ஒரு எழுத்து தெரியாது. என் அவஸ்தையைப் பாக்க முடியாம ஒரு நாள் இந்தக் கட்டைப் பெட்டியை வாங்கிட்டு வந்தார். ஒரு வார்த்தை வெப்பார், அதோட அர்த்தத்தைக் கையால காட்டுவார். எருதுன்னா கொம்பு. கோடாலின்னா ஒரு வெட்டு. அப்படித்தான் நான் பேசக் கத்துக்கிட்டேன்.

டீச்சர்: அதனாலதான் சின்ன வார்த்தையா.

அக்கா: பெரிய வார்த்தையில எனக்கும் அவருக்கும் என்ன வேலை?

டாக்டர்: டீச்சர், அடுத்த இடத்துக்குப் போகட்டுமா?

டீச்சர்: போங்க டாக்டர். அக்கா, எக்ஸ்.

அக்கா: ஓ, எக்ஸ். எருது. ஏ, எக்ஸ். கோடாலி.

டீச்சர்: சரி. கொம்பு பிரமாதம்.

அக்கா: எக்ஸ், ஐ. ஒரு கிரேக்க எழுத்து. எக்ஸ், யூ. ஏதோ ஒரு நாட்டுச் செல்லாத காசு.

டீச்சர்: நல்லது.

அக்கா: வி, ஈ, எக்ஸ். எரிச்சல் மூட்டறது. டபிள்யூ, ஏ, எக்ஸ். மெழுகு.

டீச்சர்: நல்லது.

அக்கா: அடுத்து ஏ. ரெண்டு ஏ சேந்து வந்தா எரிமலைக் குழம்பு காஞ்ச கரடு. ஏ, ஐ. மரத்துல தலைகீழாத் தொங்கற சோம்பேறி மிருகம். ஓ, ஈ. தீவுப் பக்கம் சுழட்டியடிக்கற காத்து.

டீச்சர்: சரி... சரி... சரி.

டாக்டர்: இந்த ஓரத்தையெல்லாம் பாத்தாச்சு. டீச்சர், இப்ப வெளிப்படையாக் கேக்கறேன். பதில் எங்கயும் நிக்கல. நான் உள்ள இறங்கலாமா?

டீச்சர்: ஒரு நிமிஷம் டாக்டர்.

அக்கா: என்ன ஒரு நிமிஷம்? சொல்லுங்க டீச்சர். இறங்கலாம்னு சொல்லுங்க.

டீச்சர்: சொல்றேன். அவசரப்படாதீங்க.

அக்கா: நான் எங்கயாவது நின்னேனா? ஒரு வார்த்தை தப்பினேனா?

டீச்சர்: இல்ல.

அக்கா: பின்ன என்ன யோசனை? டாக்டர், நீங்க எடுங்க. முழுசா எடுத்துடுங்க. துளி மிச்சம் வெச்சாலும் திரும்ப வளரும்னு நீங்கதானே அன்னைக்கு ஸ்கேனைக் காட்டிச் சொன்னீங்க.

டாக்டர்: வளரலாம்னு சொன்னேன். மிச்சத்துக்கு மருந்து இருக்கு, கதிர்வீச்சு இருக்குன்னும் சொன்னேன்.

அக்கா: அது என் காதுல ஏறல. வளரும்ங்கறது மட்டும்தான் ஏறிச்சு. அதோட எப்படி டாக்டர் தூங்கறது? ராத்திரி கண்ணை மூடினா மண்டைக்குள்ள அது உக்காந்திருக்கும். எனக்குப் பேச்சு போனாப் போகட்டும்.

டீச்சர்: என்ன சொல்றீங்க?

அக்கா: போகட்டும் டீச்சர். யார்கிட்டப் பேசப்போறேன்? கடையில ஒரு ஆள் போட்டுக்கறேன். வீட்ல பேச்சுக்கு என்ன வேலை? அவருக்குத்தான் கேக்காதே. எனக்கு உயிர் இருந்தாப் போதும், கை இருந்தாப் போதும். நாங்க ரெண்டு பேரும் கையாலயே பேசிப்போம்.

டீச்சர்: அக்கா...

அக்கா: இத்தனை வருஷமா அப்படித்தானே ஓட்டினோம். நான் செத்துட்டா அவர் யார்கிட்டப் பேசுவார்? எங்க தெருவுல அவர் கையைப் புரிஞ்சுக்க வேற ஒரு ஆள் கிடையாது. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடும் அவருக்கு.

டீச்சர்: அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?

அக்கா: இப்ப எதுக்கு அது?

டீச்சர்: சும்மா சொல்லுங்க.

அக்கா: ரெண்டு விரலை வட்டமாக் கண்ணுல வெப்பார். கண்ணாடிக்காரி. எனக்கு அந்தப் பேருதான்.

டீச்சர்: நீங்க அவரை?

அக்கா: இதோ. புருவத்தை இப்படி ஒரு விரலால நீவினா அவர். ரெண்டு புருவமும் ஒட்டிக்கிட்டு ஒரே கோடா இருக்கும் அவருக்கு. முதல் நாள் பாத்ததும் எனக்கு அதான் கண்ணுல பட்டுச்சு.

டீச்சர்: அழகா இருக்கு. டாக்டர், இப்ப... ரெண்டாவது சொன்ன இடம். திரும்பத் தொடுங்க.

டாக்டர்: சரி.

அக்கா: எந்த ரெண்டாவது?

டீச்சர்: அக்கா, இந்த ஒரு தடவை வாய் வேண்டாம். என்னையே பாருங்க. அவர் பேரைக் கையால காட்டுங்க.

அக்கா: ...

டீச்சர்: அவர் பேரு அக்கா. இப்பதான் காட்டினீங்க.

அக்கா: ... ம் ...

டீச்சர்: போதும் டாக்டர். எடுத்துடுங்க.

டாக்டர்: எடுத்தாச்சு.

டீச்சர்: அக்கா, என் கையைப் பிடிங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது. மூச்சை விடுங்க.

அக்கா: டீச்சர்... டீச்சர், என்ன ஆச்சு எனக்கு? கை இருந்துது. விரல் இருந்துது. எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல. அவர் முகம் தெரியுது, பேரு வரல. கை மரத்துப்போச்சா?

டீச்சர்: கைக்கு ஒண்ணும் ஆகல. அந்த நேரத்துலயும் உங்க விரல் அசைஞ்சுட்டுத்தான் இருந்துது. சொல்தான் போச்சு அக்கா. வாயால சொன்னா என்ன, கையால சொன்னா என்ன, சொல் கிளம்பற இடம் ஒண்ணுதான். அதை வெட்டினா ரெண்டும் சேந்துதான் போகும்.

அக்கா: கையுமா?

டீச்சர்: கையும்தான். அவர் காட்டறதும் உங்களுக்குப் புரியாமப் போகலாம்.

அக்கா: அவர் வந்து எதிர்ல நிப்பார்...

டீச்சர்: நிப்பார்.

அக்கா: கண்ணுல விரலை வெப்பார். எனக்கு அது என்னன்னே தெரியாது.

டீச்சர்: ஆமா அக்கா.

அக்கா: இதை ஏன் யாரும் என்கிட்டச் சொல்லல?

டீச்சர்: நீங்க அப்படி நினைச்சிட்டு இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியாதே. பேச்சு போகக் கூடாதுன்னுதானே எங்ககிட்டச் சொன்னீங்க.

அக்கா: ஐயோ... டாக்டர். டாக்டர், கத்தியைக் கீழ வைங்க. வெட்டிடாதீங்க.

டாக்டர்: என் கையில கத்தியே இல்லம்மா. அமைதியா இருங்க. தலையை இழுக்காதீங்க.

அக்கா: நான் பொய் சொல்லிட்டேன். நான் எங்கயும் நிக்கலன்னு நம்பாதீங்க. நாலஞ்சு இடத்துல எல்லாம் போயிடுச்சு எனக்கு. குல்லாய்னு வாய் சொல்லுது, குல்லாய்னா தலையில போடறதா கால்ல போடறதான்னு தெரியல. வாய் பாட்டுக்கு ஓடுது, மிஷின் ஓடற மாதிரி. அதுக்காகத்தான் ஒப்பிச்சு ஒப்பிச்சுப் பழகினேன். அதுக்காகத்தான் படம் வேண்டாம்னேன், வரிசையா நானே சொல்றேன்னேன்.

டீச்சர்: அந்த லாரிக்காரங்க மாதிரி.

அக்கா: அவனுங்க மாதிரியேதான். பேப்பர் வெச்சா நீங்க மிச்சம் விட்டுடுவீங்களேன்னு... இப்ப ஒரு பேப்பர்கூட இல்லையே டீச்சர். எந்தெந்த இடத்துல போச்சுன்னு எனக்கே தெரியாதே. திரும்ப முதல்லேர்ந்து தொடச் சொல்லுங்க. நான் நிஜமாவே சொல்றேன், வரலன்னா வரலன்னு சொல்லிடறேன். படம் காட்டுங்க. நாற்காலியைக் காட்டுங்க. எதை வேணும்னாலும் காட்டுங்க.

டீச்சர்: அக்கா, அழாதீங்க. அசையக் கூடாது. கொஞ்சம் கேளுங்க நான் சொல்றதை.

அக்கா: அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்... என்னால சொல்லவே முடியாதே...

டீச்சர்: பேப்பர் இருக்கு.

அக்கா: என்னது?

டாக்டர்: இருக்கும்மா. நீங்க குல்லாய்னு சொன்ன இடத்துல ஒண்ணு. மெழுகுன்னு சொன்ன இடத்துல ஒண்ணு. போன இடம் ஒண்ணுகூட விடல. டீச்சர் சரின்னு சொன்னா நான் அடுத்த இடத்துக்குப் போகணும், நல்லதுன்னு சொன்னா பேப்பர் வெக்கணும். உள்ள வர்றதுக்கு முன்னாடியே பேசி வெச்சுட்டோம்.

அக்கா: அப்புறம் ஏன் இறங்கலாமான்னு கேட்டீங்க?

டாக்டர்: பேப்பர் இல்லாத பக்கமா இறங்கலாமான்னுதான் கேட்டேன்.

டீச்சர்: நான்தான் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். நீங்க எதுக்காக இப்படிப் பண்றீங்கன்னு உங்க வாயாலயே கேக்கணும்னு இருந்துச்சு.

அக்கா: அப்ப நீங்க ரெண்டு பேருமா சேந்து என்னை ஏமாத்திட்டு இருந்தீங்க.

டீச்சர்: நீங்க எங்களை ஏமாத்தின அளவுக்கு இல்ல.

அக்கா: பேப்பர் வெச்ச இடத்துல கட்டி இருக்கா?

டாக்டர்: அந்த ஓரத்துல கொஞ்சம் இருக்கு. அதைத் தொடமாட்டேன். மத்தது முழுக்க எடுத்துடறேன்.

அக்கா: அது உள்ளயேதான் இருக்கும்.

டாக்டர்: இருக்கும். அதை மருந்தால அடக்கப் பாப்போம். அடங்கிடும்னு இப்ப நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.

அக்கா: பயமா இருக்கு டாக்டர்.

டாக்டர்: தெரியும்மா. ஆரம்பிக்கட்டுமா?

அக்கா: ...ஆரம்பிங்க. டீச்சர், நீங்க கையை விட்டுடாதீங்க.

டீச்சர்: விடல. ஆனா இடது கையை நான் பிடிச்சுக்கிட்டா நீங்க எப்படிப் பேசுவீங்க? தோளைப் பிடிச்சுக்கறேன். டாக்டர் எடுக்கற வரைக்கும் நீங்க பேசிட்டே இருக்கணும். வாயும் கையுமா.

அக்கா: என்ன பேச?

டீச்சர்: க்யூ, ஐ.

அக்கா: உயிர்மூச்சு.

டீச்சர்: சரி. கை நெஞ்சுக்குப் போயிடுச்சு பாருங்க, தன்னால. ஜே, ஓ.

அக்கா: காதலர். டீச்சர்... ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க.

டீச்சர்: கேளுங்க.

அக்கா: என் கடைக்கு எத்தனையோ பேர் ஒப்பிச்சுட்டுப் போயிருக்காங்க. அவனுங்க யாரும் என் அளவுக்குப் பழகினதில்ல. வாயில ஒரு பிசிறு தட்டல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

டீச்சர்: உங்க வாயை மட்டும் கேட்டிருந்தா நானும் ஏமாந்துதான் போயிருப்பேன் அக்கா. வாய் நிக்காத இடத்துலயும் உங்க கை நின்னுபோச்சு. காலையில உங்களை உள்ள தள்ளிட்டுப் போனதும் உங்க வீட்டுக்காரர் ஓடி வந்து கதவுகிட்ட என்னை மறிச்சு நின்னார். ரெண்டு விரலை வட்டமாக் கண்ணுல வெச்சார். அப்புறம் தன் வாயைத் தொட்டுக் காட்டி, வேண்டாம், நம்பாதேன்னு தலையை ஆட்டினார். என் கண்ணைக் காட்டிட்டு, தன்னோட இடது கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டார். எனக்குப் புரிஞ்சுதுன்னு நான் தலையசைக்கற வரைக்கும் அந்தக் கையை அவர் இறக்கவே இல்ல.